நடுத்தெருவுக்கு வந்த திறந்த கார்

மணல்குடிக்காடு,
11-1-1978

அன்புள்ள அண்ணன் அங்கமுத்துவுக்குத் தங்கை மலர்க்கொடி எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் மலையில் பனி எவ்வளவு, உன் இருமல் எவ்வளவு, இரண்டையும் மறைக்காமல் எழுது.

நேற்று குவாரி ஆபீஸில் மேனேஜர் ஒரு நோட்டீஸ் டைப் அடிக்கச் சொன்னார். அவர் மெட்ராஸுக்கு மாற்றலாகிப் போகிறார். பங்களா ஷெட்டில் கிடக்கிற அமெரிக்கக் காரை விற்கப் போகிறாராம். நம் பக்கத்துப் பாறைகளில் கல்லாகிப்போன நத்தையும் சிப்பியும் தேடிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் இரண்டு வருஷம் திரிந்தாரே, அவர் விட்டுப்போனது. ‘பழைய கார், 1964 மாடல், கன்வர்ட்டிபிள், டர்போசார்ஜ்டு’ என்று அடித்தேன். கன்வர்ட்டிபிள் என்றால் கூரைத்துணியை மடக்கிப் பின்னால் போட்டுவிடலாம் என்றார். கடைசி வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். “எனக்கே தெரியாதும்மா, எழுத்து சரியா இருந்தா போதும்” என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தேன். தூசியை ஒரு விரலால் துடைத்தேன். உள்ளே மயில் கழுத்து நிறம். சீட்டெல்லாம் சிவப்பு. ஓட்டுகிற சக்கரம் இடது பக்கம் இருக்கிறது. அண்ணே, சொன்னால் சிரிப்பாய், என் கை தானாக எழுந்து கும்பிட்டுவிட்டது. அப்படி ஒரு பொருளை மனுஷன் செய்திருக்கிறான் என்று நம்ப முடியவில்லை.

அடுத்த வருஷம் பென்ஷனோடு வந்து என்ன செய்வது என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். பெரம்பலூரிலிருந்து ஜெயங்கொண்டம் வரை எந்தக் கல்யாண ஊர்வலமானாலும் திறந்த காருக்குத் திருச்சிக்கோ கும்பகோணத்துக்கோதான் ஆள் அனுப்புகிறார்கள். நீ எஞ்சின் தெரிந்தவன். இது நம் வாசலில் நின்றால்? ஆவணியில் உனக்கும் ஆண்டிமடத்துக் கொளஞ்சிக்கும் கல்யாணம். முதல் சவாரி நீயே போகலாம்.

விலை இரண்டு ஜோடி உழவுமாட்டு விலைதான். பெரம்பலூர் மெக்கானிக் பார்த்துவிட்டு ரேடியேட்டரை யாரோ திருடிவிட்டார்கள், இதற்கு வேறு கிடைக்காது என்று சொல்லிவிட்டானாம். அதனால்தான் இந்த மலிவு. யோசித்து உடனே எழுது.

உன் பதிலுக்காகத் தபால்காரரை நச்சரிக்கும்,
மலர்


56 ஏ.பி.ஓ. மேல்பார்வை,
26-1-1978

தங்கச்சி மலருக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. பனி இடுப்பளவு. இருமல் அதைவிடக் கொஞ்சம் கம்மி. அம்மாவின் வாயை அப்படியே வைத்துக்கொள், அது இருந்தால்தான் வீடு.

நிறத்தைப் பார்த்துக் கார் வாங்கக் கூடாது. ரேடியேட்டர் இல்லாத கார் நமக்கு எதற்கு? ஆனாலும் நீ இவ்வளவு தூரம் எழுதிவிட்டதால் சொல்கிறேன். மறுபடி போய் முன் மூடியைத் திறந்து பார். எஞ்சினுக்கு முன்னால் ரேடியேட்டர் இருந்த இடத்தில் ரப்பர்க் குழாய்கள் அறுத்துவிட்ட மாதிரித் தொங்கும். அவை எத்தனை, எவ்வளவு தடிமன் என்று பார். எஞ்சினில் எண்ணெய் கசிந்த கறை இருக்கிறதா? அடியில் துரு உண்டா? ஒன்றையும் அழகாக எழுதாதே, பார்த்ததை எழுது.

அந்தக் கடைசி வார்த்தையை நானும் கேட்டதில்லை. பதினாலு வருஷமாக ராணுவ லாரியைப் பிரித்து மாட்டுகிறவனுக்கே தெரியவில்லை. எங்கள் கேப்டனிடம் வெளிநாட்டு மோட்டார்ப் புத்தகங்கள் இருக்கின்றன. கேட்டு எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். குடிக்கிற மருந்தில்லை என்று சொல்.

அங்கமுத்து


மணல்குடிக்காடு,
7-2-1978

அண்ணனுக்கு வணக்கம். தைலம் வந்தது, தேய்த்தாள், ஊரே மணக்கிறது. எங்கள் சுகத்துக்குப் பஞ்சமில்லை.

நீ சொன்னபடி முன் மூடியைத் திறந்தேன். அண்ணே, ரேடியேட்டர் மட்டுமில்லை, எஞ்சினையே காணோம். உள்ளே ஒரு சக்கரமும் செத்த பல்லியும்தான். வாட்ச்மேன் தங்கராசு எட்டிப் பார்த்துவிட்டு மார்பில் கையை வைத்துக்கொண்டார். பத்து வருஷமாகக் காவல் இருக்கிறார், பாவம். “யம்மா, நான் இந்த எடத்த வுட்டு நவுரலியே, இம்மாம் பெரிய இஞ்சின எவன் தூக்கிட்டுப் போனான்” என்று அழாத குறை. மேனேஜரிடம் சொல்லிவிடாதே என்று என்னைக் கெஞ்சினார்.

நான் சும்மா இருப்பேனா? சாமான் வைக்கிற பின் மூடியையும் திறந்தேன். அங்கே உட்கார்ந்திருக்கிறது எஞ்சின். முதுகில் மூட்டை சுமக்கிற ஆள் போல இந்தக் கார் எஞ்சினைப் பின்னால் சுமக்கிறது. தங்கராசு அதைப் பார்த்துத் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

இப்போது அழகில்லாமல் எழுதுகிறேன். ரப்பர்க் குழாய் அறுந்தது ஒன்றும் இல்லை. தண்ணீர் ஊற்றுகிற வாய் எங்கும் இல்லை. எஞ்சினின் தலையில் படுத்தவாக்கில் ஒரு பெரிய விசிறி. அதைச் சுற்றி வரவேண்டிய பெல்ட் அறுந்து கிடக்கிறது. உருளைகள் வேறு வேறு பக்கம் பார்க்கின்றன, அந்தப் பெல்ட் முறுக்கிக்கொண்டுதான் ஓடியிருக்க வேண்டும். எண்ணெய்க் கறை கொஞ்சம். துரு இல்லை. கூரைத்துணி ஒரு கிழிசல் இல்லாமல் புதிதாக இருக்கிறது, மடக்கி விரித்துப் பார்த்தேன். அப்புறம் ஒன்று. நம் குவாரியில் அகப்படுமே கல் நத்தை, அச்சாக அதே வடிவத்தில் ஒரு இரும்பு நத்தை எஞ்சினோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அது என்னவென்று தெரியவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலர்


56 ஏ.பி.ஓ.,
21-2-1978

அன்புத் தங்கச்சிக்கு. நலம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை, எல்லோரும் நன்றாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைக் கேப்டனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். ஒரு பழைய புத்தகத்தைத் தேடி எடுத்துப் படத்தைக் காட்டினார். மலரு, ரேடியேட்டர் திருடு போகவில்லை. அந்தக் காருக்கு ரேடியேட்டரே கிடையாது. அது தண்ணீர் குடிக்காத எஞ்சின். அந்த விசிறி அடிக்கிற காற்றிலேயே சூடு தணிகிறது. பெல்ட் அறுந்ததால் விசிறி நின்றது, சூடு ஏறியது, ஓட்டினவர் பயந்து ஷெட்டில் விட்டுவிட்டார். பிறகு வந்த மெக்கானிக்குகள் எல்லாம் இல்லாத ரேடியேட்டரைத் தேடியிருக்கிறார்கள். நானும்தானே அறுந்த குழாயை எண்ணச் சொன்னேன்.

இனி அந்த நத்தை. எஞ்சின் வெளியே துப்புகிற புகை அந்த நத்தைக்குள் நுழைந்து ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை வாங்கி எஞ்சினுக்குள் அழுத்தும். வேண்டாம் என்று வெளியே விட்ட மூச்சைக் கொண்டே அடுத்த மூச்சைப் பெரிதாக இழுத்துக்கொள்கிறது. நிமிஷத்துக்கு அறுபதாயிரம், எழுபதாயிரம் சுற்று என்று போட்டிருக்கிறது. டர்போசார்ஜர் என்பது அதுதான். இங்கே கணவாய் ஏறும்போது காற்றுப் போதாமல் எங்கள் லாரிகள் மூச்சு முட்டி நின்றுவிடும். நாங்கள் இறங்கித் தள்ளுவோம். அதற்கு மருந்தை ஒருவன் பதினாலு வருஷத்துக்கு முன்பே செய்து, அது நம் குவாரி ஷெட்டில் தூசி படிந்து கிடக்கிறது. நேற்று இரவு சாப்பாடே இறங்கவில்லை.

வாங்கிவிடு. ரேடியேட்டர் கதையை மட்டும் யாரிடமும் சொல்லாதே. மேனேஜரிடம் பணம் கட்டி ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்கின பிறகு சொல்லிக்கொள்ளலாம். பெல்ட்டுக்கு அளவு எடுத்து அனுப்பு. பதான்கோட்டில் தேடுகிறேன்.

அங்கமுத்து


மணல்குடிக்காடு,
31-3-1978

அண்ணனுக்கு, இங்கே மூன்று பேர் நலம்: அம்மா, நான், கார்.

உன் பெல்ட் புதன்கிழமை வந்தது. அதற்கு முன்பே குவாரிப் பாதை வழியாக இரண்டு ஜோடி மாட்டைப் பூட்டி இழுத்து வந்து நம் வாசலில் நிறுத்திவிட்டோம். கல்லேற்றுகிற மாடுகள்கூட அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தன. தெற்குத்தெரு முழுக்க வந்து தொட்டுப் பார்த்தது. பிறந்ததிலிருந்து எதற்கும் அசையாத பூமாலைச் சித்தப்பா ரொம்ப நேரம் நின்றுவிட்டு, “இதுக்குப் பேசத் தெரியுமா” என்று கேட்டார்.

நடுத்தெருக்காரர்களின் டிராக்டர் ஓட்டுகிற சின்னதுரைதான் பெல்ட் மாட்டினான். நான் உன் கடிதத்தை வரி வரியாகப் படிக்க அவன் செய்தான். புது பாட்டரி போட்டோம். கிளப்பும் முன் அம்மா சூடம் காட்ட வேண்டும் என்றாள். முன்பக்கம் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்தாள். எஞ்சின் பின்னால் இருக்கிறது என்று சின்னதுரை சொன்னான். அம்மாவுக்குக் குழப்பம். சாமி முகத்துக்கா எஞ்சினுக்கா? கடைசியில் பின்பக்கமும் ஒரு பூசணிக்காய்.

நாலாம் தடவையில் கிளம்பியது. எப்படிச் சொல்வது? முன்னால் நின்ற கூட்டம் பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பியது. அந்த உறுமல் தரை வழியாக என் உள்ளங்காலில் ஏறியது. அம்மா அழுதாள். எதற்கு அழுகிறாய் என்றால் அவளுக்கே தெரியவில்லை. எனக்கும் கண் கலங்கியது. இப்படி ஒன்று நம் தெருவில் உயிரோடு நிற்கிறதே என்ற பிரமிப்பு இன்னும் இறங்கவில்லை.

ஆவணியில் நீயும் கொளஞ்சியும் இதில் உட்கார்ந்து நாலு தெருவும் வரவேண்டும். நாலு தெருவும் என்று எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

உன் மெக்கானிக் தங்கை,
மலர்


56 ஏ.பி.ஓ.,
15-4-1978

தங்கச்சிக்கும் அம்மாவுக்கும் காருக்கும் என் அன்பு. எனக்கு உடம்பு தேறிவிட்டது. உன் கடிதத்தைத் தமிழ்ப் பையன்கள் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். பூசணிக்காயில் எல்லோரும் சிரித்தார்கள். சத்தம் கேட்டுக் கூட்டம் திரும்பிய இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார்கள்.

வாரம் ஒரு தடவை எஞ்சினை ஓட விடு. கூரைத்துணியை வெயிலில் போடாதே, அதுதான் இங்கே எங்கும் கிடைக்காதது. எலி கடிக்காமல் பார்.

ஊர்வல வேகத்தில் அந்த நத்தை வேலை செய்யாது, தூங்கிக்கொண்டுதான் வரும். அது விழித்துக்கொள்ள அறுபது மைல் வேகம் வேண்டும். நம் ரோட்டுக்கு அது தேவையில்லை.

ஊர்வலம் பற்றி. தெற்குத்தெருவை ஒரு சுற்று வந்தால் போதும். கொளஞ்சி வீட்டாருக்கும் அதுவே பெருமைதான். கொளஞ்சிக்கு முந்திரித் தோப்பு வேலை முடிந்ததா? விசாரித்து எழுது.

அங்கமுத்து


மணல்குடிக்காடு,
5-6-1978

அன்புள்ள அண்ணனுக்கு. ஒன்பது வாரமாக எழுதவில்லை என்று கோபிக்காதே. ஆபீஸில் வேலை அதிகம், புது மேனேஜர். அம்மா தைலத்தை முடித்துவிட்டாள். நான் நலமாக இருக்கிறேன்.

ஆண்டிமடம் போய்க் கொளஞ்சியைப் பார்த்தேன். முந்திரிக்கொட்டை உடைத்து விரல் நுனியெல்லாம் கருத்துப்போய் இருக்கிறது. கல்யாணத்துக்குள் போய்விடுமா என்று கவலைப்பட்டாள். போகாவிட்டாலும் எங்கள் அண்ணன் கையில் கிரீஸ் போனதேயில்லை என்றேன். சிரித்தாள். நல்ல பெண்.

மழை பெய்யவில்லை. கார் நன்றாக ஓடுகிறது. கூரைத்துணி வெயிலில் நைந்துவிட்டது, கழற்றி வைத்துவிட்டேன். சட்டம் மட்டும் இருக்கிறது, பார்க்க ஒன்றும் அசிங்கமாக இல்லை.

தெற்குத்தெரு ஒரு சுற்று என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றி நேரில் பேசலாம்.

மலர்


56 ஏ.பி.ஓ.,
22-6-1978

மலருக்கு. நீங்கள் நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். அதனால் கேட்கவில்லை.

பிப்ரவரியில் கிழிசல் இல்லாமல் புதிதாக இருந்த துணி மே மாதத்தில் நைந்து போகாது. நான் துணியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கடிதம் வந்தது. நடுத்தெருப் பெரியசாமி எழுதியிருக்கிறார். தம்பி என்று கூப்பிட்டு, என் உடம்பை விசாரித்து, மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். அவர் மகன் வெள்ளைச்சாமிக்கும் ஆவணியில் கல்யாணமாம். நம் காரில் அவன் முதலில் ஏற வேண்டுமாம். அப்படிச் செய்தால் சுற்றுப்பட்டு ஊர்க் கல்யாணமெல்லாம் நம் காருக்குத்தான் வரும், அதற்குத் தான் பொறுப்பு என்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. நான் மாப்பிள்ளையாக அதில் ஏறி ஊருக்குள் வரக் கூடாது. நம் ஆள் ஊர்வலம் போன வண்டியில் பிறகு அவர்கள் வீட்டு மாப்பிள்ளை யாரும் உட்காரமாட்டார்களாம். சித்திரையிலேயே உன்னிடம் வந்து கேட்டதாகவும் நீ முடியாது என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறார்.

என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? இது விளையாட்டுச் சாமான் இல்லை. பென்ஷனோடு வந்த பிறகு எனக்கும் கொளஞ்சிக்கும் அம்மாவுக்கும் உனக்கும் சோறு போடப்போவது அந்த வண்டிதான். ஒரு நாள் ஊர்வலத்துக்காக ஆயுசுப் பிழைப்பை விடச் சொல்கிறாயா? துணி எப்படிக் கிழிந்தது, அதையும் எழுது.

அங்கமுத்து


மணல்குடிக்காடு,
1-7-1978

அண்ணனுக்கு. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

துணியைக் கத்தியால் நீளவாக்கில் மூன்று இடத்தில் கிழித்திருந்தார்கள். யார் என்று பார்க்கவில்லை. பார்க்காததை எழுதக் கூடாது என்று நீதானே சொன்னாய். அம்மா அதைத் தைக்கப் பார்த்தாள், ஊசி ஏறவில்லை. எழுதினால் நீ பயந்துவிடுவாய் என்று மறைத்தேன். பெரியசாமி வந்ததையும் மறைத்தேன். அதற்குக் காரணம் வேறு. நீ சரி என்று சொல்லிவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

கோபப்படாமல் படி. மூன்று வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது ராணுவ உடுப்போடு அரியலூர் ஸ்டேஷனிலிருந்து சைக்கிளில் வந்தாய். நான் பின்னால் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்துகொண்டிருந்தேன். நடுத்தெரு முனை வந்ததும் நீ இறங்கினாய். தெருவில் ஒரு ஆள் இல்லை. ஒருவரும் உன்னை இறங்கச் சொல்லவில்லை. கடைசி வீடு வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், அதற்குப் பிறகு ஏறிக்கொண்டாய். வீட்டுக்கு வந்து செயினில் கோளாறு என்று அம்மாவிடம் சொன்னாய். செயினில் ஒரு கோளாறும் இல்லை, நான் அன்றைக்கே பார்த்தேன்.

பனியில் லாரி தள்ளுகிற உன் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சைக்கிள்தான் ஞாபகம் வருகிறது. பெரியசாமி கேட்பது காரை இல்லை. அதில் நீ ஏறாமல் இருப்பதைத்தான் கேட்கிறார். அதை விற்க எனக்கு மனசில்லை. பிழைப்பு போனால் நான் டைப் அடித்துக் கஞ்சி ஊற்றுகிறேன். கட்டிக்கொடுத்த வீட்டை விட்டு வந்தவளை நீ இத்தனை வருஷம் ஒரு சொல் சொல்லாமல் வைத்துக்கொண்டாய், எனக்கு அந்தக் கடன் இருக்கிறது.

ஆனாலும் கல்யாணம் உன்னுடையது. கொளஞ்சியிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “அவங்க ஏறுனா நானும் ஏறுவேன், அவங்க நடந்தா நானும் நடப்பேன்” என்றாள். நீ என்ன சொல்கிறாயோ அதன்படி செய்கிறேன்.

மலர்


56 ஏ.பி.ஓ.,
24-8-1978

மலருக்கு ஆசி.

எட்டு வாரமாகப் பதில் போடவில்லை. நாலு தடவை எழுதினேன், கிழித்துவிட்டேன்.

லீவு கிடைத்துவிட்டது. இரண்டாம் தேதி வந்து சேருவேன். பெரியசாமிக்கு எழுதியாயிற்று. பாட்டரியைச் சார்ஜ் போட்டு வை. கூரைத்துணி இல்லை என்று கவலைப்படாதே. மூடிக்கொண்டு போகிற எண்ணம் இல்லை.

அங்கமுத்து


மணல்குடிக்காடு,
14-10-1978

அண்ணனுக்கும், உன் பக்கத்தில் இல்லாவிட்டாலும் இருக்கிறதாக நீ நினைக்கிற அண்ணிக்கும் என் வணக்கம். கொளஞ்சி இங்கே சுகம், அம்மாவோடு அவளுக்கு நன்றாக ஒத்துப்போகிறது. இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டுகிறார்கள்.

நீ ரயில் ஏறின நாளிலிருந்து ஒன்றைக் கேட்க வேண்டும் என்றிருந்தேன். நேரில் இருந்தபோது கேட்கத் தைரியம் இல்லை.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். வைகாசியிலிருந்தே சின்னதுரையிடம் குவாரி மேட்டில் கார் ஓட்டப் பழகினேன். உனக்கு எழுதவில்லை. துணி கிழிந்த அன்றைக்குத்தான் ஆரம்பித்தேன், அந்த வண்டிக்கு ஒரு ஆபத்து என்றால் நானே கிளப்பிக்கொண்டு போகத் தெரிய வேண்டும் என்று. ஊர்வலத்துக்குச் சின்னதுரை ஓட்டுவதாகத்தான் ஏற்பாடு. மாலை போட்டு நீங்கள் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்த பிறகு அவன் சாவியை என் கையில் வைத்து, “அக்கா, நான் அவுங்க டிராக்டர ஓட்டுறவன். எம் புள்ளைங்கள நெனச்சுப் பாரு” என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் மேல் கோபம் வைக்காதே. உனக்கு ராணுவ லாரி ஓட்டத் தெரியும், ஆனால் மாப்பிள்ளையே ஓட்டிக்கொண்டு போனால் அது ஊர்வலமா? அதனால் நான் ஏறி உட்கார்ந்தேன். அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். கட்டினவனை விட்டு வந்தவள் கல்யாண வண்டியில் முன்னால் உட்காரலாமா என்று அவளுக்குப் பயம். கொளஞ்சிதான், “எங்க நாத்தனா ஓட்டட்டும்” என்றாள்.

நான் ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை அண்ணே. முதல் கியரில் நடை வேகத்தில் எஞ்சின் நின்றுவிடுமோ, முன்னால் மேளக்காரர்கள் மேல் ஏற்றிவிடுவேனோ என்றே பயம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சமும் மேளக்காரர் முதுகும்தான் ஞாபகம் இருக்கிறது. நடுத்தெருவில் கதவெல்லாம் சாத்தியிருந்தது என்று பிறகு சொன்னார்கள். உண்மையா? பெரியசாமி இருந்தாரா? உன் முகம் எப்படி இருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது.

காருக்கு இதுவரை யாரும் வரவில்லை. வெள்ளைச்சாமி கல்யாணத்துக்குத் திருச்சியிலிருந்து வந்த கார்தான் இப்போது எல்லா வீட்டுக்கும் வருகிறது. உன் பிழைப்பை நான் கெடுத்துவிட்டேனோ என்று தூக்கம் வரவில்லை. மனசில் இருப்பதை எழுது, திட்டினாலும் பரவாயில்லை.

மலர்


56 ஏ.பி.ஓ.,
30-10-1978

என் தங்கச்சி மலருக்கு அண்ணன் எழுதுவது. முதல் பனி விழுந்துவிட்டது. இருமல் இல்லை. அம்மாவிடமும் கொளஞ்சியிடமும் நான் நன்றாகச் சாப்பிடுவதாகச் சொல்.

காருக்கு ஆள் வரவில்லை என்பது எனக்கும் கவலைதான். இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். வந்தால் ஓட்டுவோம், வராவிட்டால் நான் அரியலூரில் ஒரு பட்டறை போடுவேன். கை இருக்கிறது. தூங்கு.

நீ பார்க்காததை எழுதுகிறேன்.

கார் நடுத்தெரு முனைக்கு வந்தபோது என் கால்கள் இறங்கப் பார்த்தன. பொய்யில்லை. மாலையும் பட்டுவேட்டியுமாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு வலது கால் தானாகக் கதவுப் பக்கம் போய்விட்டது. கொளஞ்சி பார்த்துவிட்டாள். என் முழங்கால் மேல் கையை வைத்தாள். கருத்த விரல் நுனிகள் தெரிந்தன.

கதவெல்லாம் சாத்தியிருந்தது உண்மை. முதல் வீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு, எல்லாம் சாத்தல். ஆள் இல்லாத தெருவில் மேளம் அடித்துக்கொண்டு போவது எப்படி இருக்கும் தெரியுமா? திரும்பிவிடலாம் என்று உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் நாலாம் வீட்டு ஜன்னலில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. அடுத்த வீட்டில் கதவு நாலு விரல் திறந்தது. ஒரு மாடியில் மூன்று பெண்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். நம்மைப் பார்க்கிறார்கள், ஏதோ நடக்கப் போகிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. காரையும் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் உன் மேல் இருந்தது.

பெரியசாமி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கார் வந்ததும் எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்த அவர் புது மருமகள் வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை. ஒரு கதவைச் சாத்தினாள். மறு கதவில் கையை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்த இடத்தில் நீ எஞ்சின் நிற்காமல் இருக்கக் காலை அழுத்திக் கியரை எடுத்து மறுபடி போட்டாய். அவள் கண் உன் கையோடு போனது. உள்ளேயிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அவளுக்குக் காது கேட்கவில்லை.

நானும் அப்போதுதான் உன்னை ஒழுங்காகப் பார்த்தேன். முதுகில் ஜாக்கெட் நனைந்து ஒட்டியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்தப் பெரிய சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அத்தனை கனத்தையும் ஒரு குழந்தையை நடத்திக்கொண்டு போகிற மாதிரி நடத்திக்கொண்டு போனாய். எத்தனையோ எஞ்சினைப் பிரித்துப் பார்த்து ஆச்சரியப்பட்டவன் நான். அன்றைக்கு உன் முன்னால் எனக்குப் பேச்சே வரவில்லை. லீவு முடிகிற வரைக்கும் வரவில்லை. அதனால்தான் நேரில் ஒன்றும் சொல்லாமல் ரயில் ஏறிவிட்டேன்.

என் முகம் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறாய். எனக்கும் தெரியாது மலரு. உன்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் நடுத்தெரு முடிந்ததே எனக்குத் தெரியவில்லை.

அங்கமுத்து